நீளமான ஃபுட்ரெஸ்ட் கேட்டு வந்த வண்டி: கோத்தகிரி மலைப்பாதையில் ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350. முதல் ஓனர் கீழே சமவெளியில் வைத்திருந்தபோதே கம்பெனி ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றிவிட்டு ஃபார்வர்ட் கண்ட்ரோல் செட் ஒன்றை மாட்டியிருக்கிறார். ஃபுட்ரெஸ்ட், கியர் லீவர், பிரேக் பெடல் மூன்றும் இன்ஜினுக்கு முன்னால், ஃப்ரேமின் முன்குழாயோடு சேர்த்து முடுக்கிய ஒரு தகட்டில் இருக்கின்றன. கியருக்கும் பிரேக்குக்கும் பழைய இடத்திலிருந்து ஆளுக்கொரு நீளமான ராடு வருகிறது. செட்டில் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை.

இப்போதைய ஓனர் கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். உயரம் ஆறடி இரண்டு அங்குலம், எடை நூறு கிலோவை ஒட்டி, ஷூ 12-ஆம் நம்பர். தினமும் கோத்தகிரியிலிருந்து குன்னூர் வந்து போகிறார், விடுமுறை என்றால் மேட்டுப்பாளையம் இறங்குகிறார். எங்கள் பட்டறை குன்னூரில். சோறு போடுவது டீ ஃபேக்டரி வேலை: தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சி.டி.சி. ரோலருக்குப் பல் வெட்டுவது, தேய்ந்த ஷாஃப்டை நிரப்பிக் கடைவது. பைக் வேலை இடையில் வருவதுதான்.

அவர் சொன்ன குறை ஒரே வரி. "தம்பி, கால் நிக்கவே மாட்டேங்குது. ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு அங்குலம் நீட்டிக் குடுத்துருங்க."

கேட்டது இரண்டு அங்குலம். கடைசியில் நீட்டிக் கொடுத்தது முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், 20 மில்லிமீட்டர். ஆனாலும் கால் நிற்கிறது. மீதி அங்குலமெல்லாம் எங்கே ஒளிந்திருந்தது என்பதுதான் இந்த ஆய்வு. ஃபார்வர்ட் கண்ட்ரோல் வண்டி வைத்திருக்கிற பெரிய கால்காரர்கள் எல்லாரும் முதலில் நீளத்தைத்தான் கேட்கிறார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

பழைய இடத்துக்கே மாற்றினால் என்ன

முதலில் கேட்டது இதைத்தான். மலைப்பாதையில் ஃபுட்ரெஸ்ட் உடம்புக்கு நேர் கீழே இருந்தால்தான் வசதி. குழி வந்தால் காலை ஊன்றி இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். ஃபார்வர்ட் கண்ட்ரோலில் அது முடியாது, கால் முன்னால் நீட்டிக் கிடக்கும், அடி மொத்தமும் முதுகுத்தண்டுக்கே போகும். இறக்கத்தில் உடம்பு முன்னால் சறுக்க, கால் ஃபுட்ரெஸ்ட்டை உதைத்துக்கொண்டே இருக்கும்.

மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. வலது முழங்காலில் தசைநார் ஆபரேஷன் ஆனவர். முட்டியை மடக்கி அரைமணி நேரம் உட்கார்ந்தால் இறங்கும்போது நொண்டுகிறார், காலை நீட்டி வைத்தால் வலி இல்லை. அந்த செட்டுக்காகவே இந்த வண்டியைத் தேடி வாங்கியிருக்கிறார். சரி, அது காரணம். அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

கம்பெனிகளும் இந்தப் பிரச்சினையை யோசிக்காமல் இல்லை. கவாசாகி வல்கன் எஸ் வண்டியில் ஃபுட்ரெஸ்ட்டை மூன்று நிலைகளில் மாற்றி வைக்கலாம், நடு நிலையிலிருந்து முன்னால் ஒரு அங்குலம், பின்னால் ஒரு அங்குலம். ஆனால் அது முன்பின் கணக்கு, கால் நீளமுள்ளவருக்கும் குட்டையானவருக்கும் ஆனது. மாஸ்டரின் தொல்லை பக்கவாட்டில். பாதத்தின் வெளிப்பாதி ஃபுட்ரெஸ்ட்டைத் தாண்டித் தொங்குகிறது.

பூட்ஸ் சொன்ன சேதி

வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். கணுக்கால் மூடும் தோல் பூட்ஸ், நன்றாக உழைத்தது. இரண்டின் அடியையும் மேலே திருப்பி மேசையில் வைத்தால் கதை பாதி தெரிந்துவிட்டது.

வலது பூட்ஸில் ஃபுட்ரெஸ்ட் பட்ட தடம் பாதத்தின் நடுவில் அகலமாக, மங்கலாக இருந்தது. இடது பூட்ஸில் அதே தடம் உள்பக்கமாக ஒதுங்கி, ஆழமாக, ஃபுட்ரெஸ்ட் முனையின் விளிம்பு ரப்பரில் ஒரு பிறை மாதிரி வெட்டியிருந்தது. இதைவிட முக்கியம், இடது குதிகாலின் உள்பக்கத் தோலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு உராய்வு. பாலிஷ் போய், தோல் வெளுத்து, நடுவில் லேசாகக் குழிவிழுந்திருந்தது. வலதில் அப்படி எதுவும் இல்லை.

வண்டியில் போய்ப் பார்த்தால் அந்தக் குழிக்குச் சொந்தக்காரன் கியர் ராடின் முன்பக்க ஜாயின்ட் போல்ட். போல்ட்டை உள்ளிருந்து வெளியே போட்டு, வெளியில் நட் முடுக்கி, நட்டுக்கு அப்பால் பாதி விரல் நீளத்துக்குத் திருகு துருத்திக்கொண்டிருந்தது. மாஸ்டர் உட்கார்ந்து காலை வைத்தால் குதிகால் அதில் முட்டுகிறது. முட்டினால் யாரும் யோசிப்பதில்லை, கால் தானாக வெளியே நகர்ந்துகொள்ளும். அளந்ததில் போல்ட் முனை மட்டும் குதிகாலை 14 மி.மீ. வெளியே தள்ளியிருந்தது. அரை அங்குலத்துக்கு மேல் அங்கேயே போய்விட்டது, ஃபுட்ரெஸ்ட்டைத் தொடாமலேயே.

போல்ட்டைத் திருப்பிப் போட்டு, தலை தட்டையானதாக வெளிப்பக்கமும் நட் உள்பக்கமும் வருகிற மாதிரி மாற்றியதில் 11 மி.மீ. மீண்டது. உள்ளே நட் கிளட்ச் கவரில் இடிக்கிறதா என்று கியரை மேலும் கீழும் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வேலைக்கு ஸ்பேனர் போதும்.

தொங்கின ஃபுட்ரெஸ்ட்

ஃபுட்ரெஸ்ட்டின் அடி ஒரு நாக்கு மாதிரி தட்டையாக இருக்கும். அது 'யு' வடிவ வாய்க்குள் போய், குறுக்கே ஒரு பின் மாட்டி, ஸ்பிளிட் பின் போட்டிருக்கும். முனை தரையில் பட்டால் ஃபுட்ரெஸ்ட் மேலும் பின்னும் மடங்க வேண்டும், பிறகு ஸ்பிரிங் அதைத் திரும்ப இறக்க வேண்டும். அவ்வளவுதான் அமைப்பு.

இந்த வண்டியில் 8 மி.மீ. பின் போட்ட துளை மேலும் கீழுமாகத் தேய்ந்து முட்டை வடிவத்தில் இருந்தது. நாக்கின் அடியில் தாங்குகிற விளிம்பும் அமுங்கியிருந்தது. விளைவு, ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்தால் ஃபுட்ரெஸ்ட் கிடையாக இல்லை, வெளிமுனை 6 டிகிரி கீழே சாய்ந்திருந்தது. ஃபுட்ரெஸ்ட் நீளம் 85 மி.மீ., ஆக முனை கிட்டத்தட்ட 9 மி.மீ. தாழ்ந்துவிட்டது. வெளிப்பக்கம் சாய்ந்த மொட்டை ரப்பர் மேல் ஈர பூட்ஸை வைத்தால் அது எங்கே போகும்? கோத்தகிரிக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவது. மாஸ்டர் பட்டறைக்கு வந்ததும் அந்த மாதங்களில்தான். வெயில் காலத்தில் இந்தக் குறை அவருக்கு அவ்வளவு தெரியவில்லை என்று பிறகு சொன்னார்.

இன்னொன்றும் பார்த்தோம், எனக்கு உண்மையில் பயம் தந்தது அதுதான். வலது ஃபுட்ரெஸ்ட் மடங்கவே இல்லை. ஸ்பிரிங் காணோம், பின் துருவேறி இறுகியிருந்தது. சுத்தியலால் தட்டித்தான் அசைந்தது. மடங்காத ஃபுட்ரெஸ்ட் வளைவில் தரையைத் தொட்டால் அது நெம்புகோல். வண்டியின் எடையை டயரிலிருந்து பிடுங்கித் தன் மேல் வாங்கிக்கொள்ளும். ஃபார்வர்ட் கண்ட்ரோலில் ஃபுட்ரெஸ்ட் முன்னால் இருப்பதால் தூக்கப்படுவது முன்சக்கரமாக இருக்க வாய்ப்பு அதிகம், முன்சக்கரம் போனால் திருத்த நேரம் கிடையாது. இந்த நிலையில் இரண்டு அங்குலம் நீட்டிக் கொடுத்திருந்தால் என்ன ஆகும் என்று விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பின்னை வெளியே எடுத்து மாஸ்டர் கையில் கொடுத்ததும் அவரே புரிந்துகொண்டார்.

இங்கே நண்பர் ஒருவர் அவருக்குச் சொல்லியிருந்த யோசனையையும் பதிவு செய்ய வேண்டும். பழைய ஃபுட்ரெஸ்ட்டின் முனையில் ஒரு ராடு துண்டை வெல்டு வைத்துவிட்டால் முந்நூறு ரூபாயில் வேலை முடிந்தது என்றாராம். முடியும்தான். வெல்டு விட்டுப்போகிற அன்றைக்கு வேறு ஏதாவதும் முடியும்.

ரெடிமேடு தேடல்

மாஸ்டர் எங்களிடம் வருவதற்கு முன்பே கோவையிலும் ஆன்லைனிலும் தேடிக் களைத்திருந்தார். வாங்கி வைத்திருந்த ஒரு ஜோடியைக் கையோடு கொண்டுவந்தார். பார்க்க அழகு, குரோம் பூச்சு, நீளம் தாராளம். டப்பாவில் 'யுனிவர்சல்' என்று போட்டிருந்தது. என் அனுபவத்தில் யுனிவர்சல் என்று எழுதியிருந்தால் எந்த வண்டிக்கும் நேராகப் பொருந்தாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பொருந்தாததற்குக் காரணம் எளிது. அந்த மாதிரி ஃபுட்ரெஸ்ட்டுகள் பெரும்பாலும் அமெரிக்க குரூசர் வண்டிகளை மனதில் வைத்துச் செய்யப்படுபவை, அளவெல்லாம் அங்குலத்தில். நாக்கின் துளை எட்டில் மூன்று அங்குலம், அதாவது 9.5 மி.மீ., நம் பின் 8. ஒன்றரை மில்லிமீட்டர் ஆட்டத்தோடு மாட்டினால் முனை எவ்வளவு தொங்கும் என்பதைத்தான் மேலே பார்த்தோம். நாக்கின் தடிமனும் 'யு' வாயைவிடக் குறைவு, இரண்டு பக்கமும் வாஷர் போட்டு நிரப்ப வேண்டும். சில வகைகளில் இதே தலைகீழாக, வாய் ஃபுட்ரெஸ்ட்டிலும் நாக்கு வண்டியிலும் வரும். ஆக, வாங்கப் போகிறவர்கள் நீளத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தங்கள் வண்டியில் இருப்பது நாக்கா வாயா, நாக்கின் தடிமன் எவ்வளவு, பின்னின் விட்டம் எவ்வளவு, பின்னிலிருந்து தாங்குகிற விளிம்புக்கு எவ்வளவு தூரம் என்று வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டு போவது நல்லது. கடைசியாகச் சொன்ன தூரத்தை யாரும் அளப்பதில்லை. ஃபுட்ரெஸ்ட் கிடையாக நிற்குமா தொங்குமா என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

நீட்டிப்புக் கட்டை என்று ஒன்றும் கிடைக்கிறது. பழைய ஃபுட்ரெஸ்ட்டுக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டினால் ஃபுட்ரெஸ்ட் அப்படியே வெளியே தள்ளிப்போகும். அதை நான் ஏற்கவில்லை. ஆட்டம் வரக்கூடிய மூட்டு ஒன்றுக்கு இரண்டாகிறது, கால் கியர் லீவரை விட்டு இன்னும் விலகுகிறது, தரையைத் தொடுகிற விஷயத்தில் லாபமும் எதுவும் இல்லை. அகலப் பலகை மாதிரியான ஃபுட்போர்டு பற்றியும் மாஸ்டர் கேட்டார். சமவெளி நெடுஞ்சாலைக்கு அது சொகுசு. இங்கே முதல் கொண்டை ஊசி வளைவிலேயே தீப்பொறி பறக்கும்.

எவ்வளவு நீட்டலாம் என்ற கணக்கு

மாஸ்டரை வண்டியில் உட்கார வைத்து, இரண்டு பையன்கள் நேராகப் பிடித்துக்கொள்ள, ஃபுட்ரெஸ்ட் முனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸ் குறி போட்டோம். ஆள் ஏறி உட்கார்ந்துதான் அளக்க வேண்டும், அவர் ஏறியதும் வண்டி நன்றாகவே அமுங்கியது. இடது முனை தரையிலிருந்து 27 செ.மீ. உயரம், வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 36 செ.மீ. தூரம். 27-ஐ 36-ஆல் வகுத்தால் 0.75, அதற்கான கோணம் ஏறக்குறைய 37 டிகிரி. அவ்வளவு சாய்ந்தால் முனை தரையைத் தொடும்.

மாஸ்டர் கேட்டபடி அதே தொங்கலோடு 50 மி.மீ. நீட்டினால் தூரம் 41, உயரம் 26.5. கோணம் 33 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது. நான்கு டிகிரிதானே என்று தோன்றும். வளைவில் அது என்ன என்று பார்க்கலாம். 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் எடுத்தால் 17, 18 டிகிரி சாய்வு போதும். 25-ல் 26 டிகிரி. 30-ல் 35 டிகிரி. வேகம் ஐந்து கூடினால் சாய்வு ஒன்பது டிகிரி கூடுகிறது. வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால் அப்படி. டயருக்கு அகலம் இருப்பதால் நிஜத்தில் இதைவிடச் சற்று அதிகமாகவே சாய வேண்டியிருக்கும், வளைவின் அழுத்தத்தில் சஸ்பென்ஷனும் இன்னும் அமுங்கும். ஆக 37 டிகிரி உள்ள வண்டியில் 28, 29 வேகம் வரை பயமில்லாமல் போகிறவர், 33 டிகிரி ஆக்கிவிட்டால் அதே வேகத்தில், அதே வளைவில், இத்தனை வருடம் தொடாத தரையைத் தொடுவார். பழக்கம் பழைய வண்டிக்கு, ஃபுட்ரெஸ்ட் புதிய வண்டிக்கு.

நீலகிரியில் இது ஏட்டுக் கணக்கு அல்ல. கல்லட்டிப் பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள், மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக முள்ளி இறங்கும் பாதையில் 43. கோத்தகிரி – மேட்டுப்பாளையம் பாதை அவ்வளவு கொடுமை இல்லை, ஆனால் மாஸ்டர் அதில் போகாத வாரம் இல்லை.

கணக்கை நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது, செலவு இருபது ரூபாய்கூட ஆகாது. வயரிங்குக்குப் போடுகிற பி.வி.சி. பைப்பில் ஃபுட்ரெஸ்ட் மேல் இறுக்கமாக ஏறுகிற அளவில் துண்டு வெட்டி, 50 மி.மீ. வெளியே நீளும்படி மாட்டி, கிளிப் போட்டுவிட வேண்டும். தரையில் பட்டால் பைப் தேயும் அல்லது உடையும், வண்டியை நெம்பாது. முதலில் வலது பின்னைச் சரிசெய்து ஃபுட்ரெஸ்ட் மடங்குவதை உறுதி செய்துவிட்டுத்தான் இதைச் செய்தோம். பச்சைத் தேயிலை லாரிகள் ஓட ஆரம்பிப்பதற்கு முன், சாலை காய்ந்திருந்த ஒரு காலையில், மாஸ்டர் தன் வழக்கமான வேகத்தில் மேட்டுப்பாளையம் பாதையில் இறங்கி ஏறினார். நான் பின்னால் வேறு வண்டியில்.

இடது பைப்பின் முனை சாய்வாகச் சீவிவிட்டாற்போல் தேய்ந்து, ஒரு பக்கம் பிளந்திருந்தது. வலது பைப் அப்படியே புதிதாக இருந்தது. வியப்பில்லை. நாம் இடதுபக்கம் போகிறவர்கள், இடது வளைவு நமக்கு உள்வளைவு, ஆரம் சிறியது, வலது வளைவில் வெளிவட்டமாகப் போகிறோம். கூடவே, இடது வளைவில் உள்ஓரம் தார் பெயர்ந்து, கான்கிரீட் ஓடை விளிம்பு எழும்பி நிற்கிற இடங்கள் பல. முனை அதன் மேல்தான் போகிறது. பைப்பை 20 மி.மீ. நீட்டலுக்கு வெட்டி மறுபடி போனபோது எந்தப் பக்கமும் கீறல் இல்லை.

தேய்ந்த பைப்பைப் பார்த்த பிறகு மாஸ்டர் இரண்டு அங்குலம் என்ற பேச்சை எடுக்கவில்லை.

செய்த ஃபுட்ரெஸ்ட்

புது ஃபுட்ரெஸ்ட் 105 மி.மீ., பழையதைவிட 20 கூடுதல். இஎன்8 என்கிற நடுத்தர கார்பன் எஃகு உருட்டுக் கம்பியில் நாக்கு முதல் முனை வரை ஒரே துண்டாகக் கடைந்தது. நாக்கைத் தனியாகச் செய்து வெல்டு வைத்தால் வேலை பாதி நேரத்தில் முடியும், ஆனால் வளைவிசை உச்சத்தில் இருப்பது சரியாக அந்த இடத்தில்தான், விரிசல் அங்கேதான் தொடங்கும். தண்டின் விட்டம் 22 மி.மீ. நூறு கிலோ ஆள் முழு எடையையும் முனையில் ஏற்றினாலும் அடியில் வருகிற தகைவு சுமார் 100 மெகாபாஸ்கல், இஎன்8 வளையாமல் தாங்குவது அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். குழியில் விழுந்து எழும்போது வருகிற அடிக்கு அந்த மிச்சம் வேண்டும். 135 மி.மீ. ஆக்கியிருந்தால் நெம்பு பழைய 85-ஐப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருக்கும், அதைத் தாங்க வேண்டியது நம் கம்பி மட்டுமல்ல, பெயர் தெரியாத அந்தச் செட்டின் தகடும்தான். அந்தத் தகட்டின் உலோகத்தை நான் நம்பத் தயாராக இல்லை.

வாயின் முட்டைத் துளையை 10 மி.மீ.க்குத் துளைத்துச் சரியான வட்டமாக்கி, புதுப் பின் போட்டோம். தாங்குகிற விளிம்பைக் கொஞ்சம் நிரப்பி ராவியதில் ஃபுட்ரெஸ்ட் இப்போது கிடையாக அல்ல, முனை 3 டிகிரி மேல்நோக்கி நிற்கிறது. இந்த மூன்று டிகிரிதான் எனக்குப் பிடித்த பகுதி. கால் தானாக உள்ளே சரிந்து நிற்கிறது. அதோடு தொங்கல் நீங்கியதில் 9, மேல்சாய்வில் ஐந்தரை என்று முனை மொத்தம் 14 மி.மீ. உயர்ந்துவிட்டது. மறுபடி தூக்குக்குண்டு விட்டு அளந்தால் உயரம் 28.4, தூரம் 38. கோணம் பழையபடியே 37 டிகிரிக்கு ஒரு மயிரிழை கீழே. நீளமும் கிடைத்தது, சாய்வும் போகவில்லை.

மேல்பரப்புக்கு என்ன செய்வது என்பதில் பட்டறையில் ஒரு தகராறு. பையன் ஒருவன் ஆசைப்பட்டு மாதிரித் துண்டு ஒன்றில் சி.டி.சி. ரோலர் பல்லையே வெட்டிவிட்டான். பிடி என்றால் பிடி. மாஸ்டர் காலை வைத்துவிட்டு எடுக்கப் பார்த்தால் பூட்ஸ் அடியே கூட வருகிறது. வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் கால் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், நூற்றுத் தொண்ணூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டி சாய ஆரம்பித்த பிறகு பூட்ஸைப் பிடுங்கிக்கொண்டிருக்க முடியாது. இரும்புப் பல்லில் சிங்கிள் சிலிண்டரின் அதிர்வும் நேராகக் காலுக்கு ஏறும். அதனால் கடையில் கிடைக்கிற வரிபோட்ட ஃபுட்ரெஸ்ட் ரப்பர், ஒன்று முழுசாக, மீதி நீளத்துக்கு இன்னொன்றில் வெட்டிய துண்டு. முனையில் 42 மி.மீ. வட்டத் தகடு ஒன்றைத் தடுப்பாக வைத்தோம். அது அப்படியே இருந்தால் கீழ்விளிம்பு தரையை நோக்கி 10 மி.மீ. இறங்கிவிடும், பட்ட பாடெல்லாம் வீண். கீழ்ப்பாதியை வெட்டி எடுத்து, மேல்பாதி அரைவட்டத்தை மட்டும் விட்டு, விளிம்பை உருட்டிவிட்டோம். கால் வெளியே சறுக்கினால் சுண்டுவிரல் பக்கம் அதில் தட்டும்.

கியரும் பிரேக்கும்

ஃபுட்ரெஸ்ட்டை மட்டும் நீட்டிவிட்டு வண்டியைக் கொடுத்து அனுப்புவது பாதி வேலை. கால் வெளியே நகர்ந்தால் விரல் நுனியும் நகர்கிறது, கியர் லீவரின் ரப்பர் முனை பழைய இடத்திலேயே இருக்கிறது. முன்பு கட்டைவிரல் முழுசாகப் பட்ட இடத்தில் இப்போது அதன் ஓரம் மட்டும் படும், இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு இறக்கும்போது நியூட்ரலில் மாட்டும். மலை இறக்கத்தில், இன்ஜின் பிடிப்பை நம்பி வருகிறவருக்கு, நடு வளைவில் நியூட்ரல் விழுவது நல்லதல்ல.

போல்ட்டைத் திருப்பியதில் கால் உள்ளே வந்துவிட்டதால் இங்கே பெரிய வேலை இல்லை. கியர் முனையை 15 மி.மீ. நீட்டினோம், மடங்குகிற வகை முனை போட்டு. மடங்காத நீள முனை வண்டி சாய்ந்து விழுந்தால் வளைந்துவிடும். ஃபுட்ரெஸ்ட் முனையைவிட அது வெளியே வரவே கூடாது. ஃபுட்ரெஸ்ட்டின் கோணம் மாறியதால் லீவர் உயரத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. நல்லவேளை, ராடின் ஒரு முனை இடது திருகு, மறுமுனை வலது திருகு. இரண்டு லாக் நட்டையும் தளர்த்தி ராடைச் சுற்றினாலே நீளம் கூடும் குறையும், எதையும் கழற்ற வேண்டாம். பிரேக் பெடலின் மிதிதகட்டோடு வெளிப்பக்கம் ஒரு சின்னத் தகடு சேர்த்ததோடு சரி.

வலது பக்கம் 20 மி.மீ. நீட்டல் தேவையே இல்லை என்பது என் கருத்து. அங்கே குதிகாலை எதுவும் தள்ளவில்லை, தொங்கலைச் சரிசெய்தாலே போதுமாக இருந்தது. "ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டையாங்க தம்பி?" என்றார் மாஸ்டர். பசங்க சிரிப்பார்களாம். சரி என்று இரண்டும் ஒரே அளவில் செய்தோம்.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. ஃபுட்ரெஸ்ட்டின் நீளம் ஆர்.சி.யில் ஏறுகிற விவரம் அல்ல. ஆனாலும் அது ஹேண்டில்பார் அகலத்துக்குள் அடங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். ஓரமாக நடந்துபோகிறவரின் முழங்காலுக்காக.

பிறகு

மழைக்காலம் முழுக்க ஓட்டிவிட்டு மாஸ்டர் வண்டியைக் கொண்டுவந்தார். இடது பூட்ஸில் புதிய பிறைவெட்டு இல்லை, குதிகால் உராய்வு பாலிஷில் மறைந்துவிட்டது. இடது கெண்டைக்கால் வலி என்று ஒன்று இருந்ததே அது போன பிறகுதான் தெரிந்தது என்றார். கால் நழுவாமல் இருக்க அத்தனை நாளும் தசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார்.

இரண்டு குறை மிச்சம். வெட்டி ஒட்டவைத்த ரப்பர் துண்டு ஈரத்தில் தண்டைச் சுற்றிச் சுழல ஆரம்பித்தது. தண்டில் ஒரு சின்னக் காடி வெட்டி, ரப்பருக்கு உள்ளே ஒரு திருகு போட்டு நிறுத்தினோம், இனிச் சுழலாது. மற்றது அதிர்வு. மலையில் தெரியவில்லை, மேட்டுப்பாளையம் தாண்டிக் கோவைச் சாலையில் 80-ஐத் தொட்டால் பாதம் மரத்துப்போகிறதாம். ரப்பருக்கு உள்ளே தண்டு கெட்டி இரும்பு, செட்டின் தகடும் ஃப்ரேமோடு நேராக முடுக்கியது, இடையில் ரப்பர் புஷ் எங்கும் இல்லை. தகட்டுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் புஷ் வைத்தால் அதிர்வு குறையும், ஆனால் கியர் லீவரும் அதே தகட்டில் இருப்பதால் கியர் போடுவது கொழகொழவென்று ஆகிவிடும். 70-ல் போகச் சொல்லியிருக்கிறேன்.

ஃபுட்ரெஸ்ட் ஜோடி, பின், கியர் முனை, பிரேக் தகடு எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய் ஆனது. குரோம் பூச்சு ஜோடி அதைவிட விலை, அது இன்னும் டப்பாவோடு எங்கள் அலமாரியில் இருக்கிறது. 9.5 துளையும் அதற்கேற்ற வாயும் உள்ள வண்டி எதுவும் குன்னூர்ப் பக்கம் இதுவரை வரவில்லை.